பனிக்கட்டி முதல் தனிமங்கள் வரை: நிலைமாற்றத்தை அளந்து கற்க முழுமையான வழிகாட்டி

திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று பெயரையும் எட்டாம் வகுப்புப் பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். "தளதளவென்று கொதிக்கிற தண்ணீருக்கு அடுப்பை இன்னும் பெரிதாக வைத்தால் சூடு கூடுமா?" என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். பெரியவர்களும் பாதிப் பேர் "கூடும்" என்றுதான் சொல்வார்கள்.

அந்தத் தடுமாற்றத்தைப் பேச்சில் தீர்க்க முடியாது. வெப்பநிலைமானியைக் கையில் பிடித்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்து, அது எங்கே நகராமல் நிற்கிறது என்று பார்த்தால்தான் தீரும். வீட்டிலோ பள்ளியிலோ இரண்டு பொழுதில் செய்து முடிக்கலாம். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இரண்டாம் படியைத் தாண்டிக்கொண்டு மூன்றாவதுக்குப் போனால் பின்னால் வரும் எண் எதையும் நம்ப முடியாது.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

வெப்பநிலைமானி: −10 முதல் 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகக் கண்ணாடி மானி. உள்ளே சிவப்புச் சாயம் கலந்த நீர்மம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாதரச மானி வேண்டாம். உடைந்தால் பாதரசம் தரையில் மணி மணியாக ஓடும், அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் அறையில் தங்கும். சமையலுக்கு விற்கும் குச்சி போன்ற டிஜிட்டல் மானியும் போதும். ஏழாம் படிக்கு அதுதான் தேவை, ஏனென்றால் அங்கே −10-க்குக் கீழேயும் 110-க்கு மேலேயும் போவோம். காய்ச்சல் பார்க்கும் மானியை இதற்கு எடுக்கவே கூடாது. அது ஏறக்குறைய 35 முதல் 42 வரைதான் காட்டும்; கொதிநீரில் வைத்தால் வெடித்துவிடும்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு லிட்டர் பிடிக்கும் கனமான போசி (பாத்திரம்), நீளமான கரண்டி, நேரம் பார்க்கக் கைப்பேசி, கட்டம் போட்ட தாள், 25 மில்லிமீட்டர் அகலச் சோதனைக்குழாய் ஒன்று, ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று. பொருள்களில் ஒரு கிலோ ஐஸ், கால் கிலோ உப்பு, கலப்பில்லாத தேங்காய் எண்ணெய் 50 மில்லி, வெல்லம் கால் கிலோ, பூசைக் கற்பூரம் இரண்டு வில்லை.

கேஸ் அடுப்பில் சின்ன பர்னரை சிம்மில் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். குறைந்த சூட்டில் வைத்தால் பல அடுப்புகள் சில நொடி எரிந்து, சில நொடி அணைந்து, மறுபடி எரியும். வரைபடத்தில் அது படிக்கட்டு மாதிரி விழும். நாம் தேடும் படிக்கட்டு வேறு. இரண்டும் கலந்தால் எது எதுவென்று தெரியாது.

2. மானியைச் சரிபார்த்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. கடையில் வாங்கும் மானி ஒரு டிகிரி, ஏன் இரண்டு டிகிரிகூடத் தவறாகக் காட்டுவது சாதாரணம்.

கீழ்ப்புள்ளி: ஐஸை நன்றாக நொறுக்கி டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் கலக்கிவிட்டு மானியை நடுவில் வையுங்கள். எண் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். அது 0 ஆக இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மேலே மிதக்க ஆரம்பித்தால் அடியில் 3, 4 டிகிரி காட்டும். அது மானியின் பிழை அல்ல, டம்ளரின் பிழை.

மேல்புள்ளி: தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மானியின் குமிழ் அடியைத் தொடாமல் இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி பிடியுங்கள். அடித்தகட்டைத் தொட்டால் தகட்டின் சூடுதான் வரும்.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டத்தில். கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 411 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறக்குறைய 98.6-லேயே கொதித்துவிடும். ஈரோட்டில் சுமார் 99.4. ஏற்காட்டில் 95, ஊட்டியில் 92.6 அளவு. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்று நினைவில் வைத்தால் உங்கள் ஊருக்கு நீங்களே கணக்குப் போடலாம். கோவையில் மானி 98.6 காட்டும்போது "மானி கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த மானி உண்மையைத்தான் சொல்கிறது.

உப்புத் தண்ணீரால்தான் எண் மாறுகிறதோ என்ற சந்தேகம் போர்த் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் வரும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலும் கொதிநிலை 0.02 டிகிரிகூட ஏறாது. உங்கள் மானிக்கு அது தெரியவே தெரியாது. சிறுவாணித் தண்ணீரானாலும் போர்த் தண்ணீரானாலும் இந்தச் சோதனைக்கு ஒன்றுதான். பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவம் வேறு கதை.

திருத்தும் முறை: ஐஸில் 1.0, கோவையில் கொதிநீரில் 99.0 என்று காட்டினால், எந்த அளவிலிருந்தும் முதலில் 1-ஐக் கழியுங்கள், பிறகு 98.6-ஆல் பெருக்கி 98-ஆல் வகுங்கள். மானி 25 காட்டினால் உண்மை 24.1. ஒரு டிகிரி வித்தியாசம் என்று அலட்சியம் வேண்டாம், ஆறாம் படியில் அந்த ஒரு டிகிரிதான் முடிவைச் சொல்லும்.

3. பனிக்கட்டி உருகும் ஓட்டம்

போசியில் நொறுக்கிய ஐஸ் 300 கிராம், அதோடு ஐஸில் வைத்துக் குளிர்ந்த தண்ணீர் 100 கிராம் சேருங்கள். ஐஸை மட்டும் போட்டால் துண்டுகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். மானி எதையும் சரியாகத் தொடாது. அதற்காகத்தான் அந்த நூறு கிராம் தண்ணீர்.

சிம்மில் வைத்து, நேரத்தைத் தொடங்கி, விடாமல் கலக்குங்கள். ஒவ்வொரு 30 நொடிக்கும் எண்ணைக் குறியுங்கள். ஒருவர் கலக்க, ஒருவர் எண் சொல்ல, ஒருவர் எழுத என்று மூன்று பேர் இருந்தால் வேலை சுத்தமாக நடக்கும்.

எண் 0-வில் நிற்கும். தீ எரிகிறது, போசி சூடாகிறது, ஐஸ் கண்ணெதிரே கரைகிறது, ஆனாலும் எண் அசையாது. இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் காரியம் ஒன்றுதான்: தீயைப் பெரிதாக்குவார்கள். செய்யாதீர்கள். பெரிதாக்கினால் ஐஸ் வேகமாகக் கரையும், எண் அங்கேயேதான் நிற்கும். ஐந்தாம் படியின் கணக்கு மட்டும் கெட்டுப்போகும்.

காரணம் இது. ஐஸில் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இடம்விட்டு நகராமல் நிற்கின்றன. அடுப்பு தரும் வெப்பம் முழுவதும் அந்தப் பிணைப்பை அவிழ்க்கவே செலவாகிறது. மூலக்கூறுகளை வேகமாக ஓடவைக்க மிச்சமில்லை. வெப்பநிலை என்பது அந்த வேகத்தின் அளவு. வேகம் கூடவில்லை, அதனால் எண் ஏறவில்லை. ஒரு கிராம் ஐஸை அவிழ்க்க 334 ஜூல் வெப்பம் வேண்டும். வெளியே தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதால் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

கலக்குவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். மேலே ஐஸ் மிதக்கும், அடியில் எண் 5, 6 என்று ஏறும். "0-வில் நிற்கவில்லையே" என்று சொல்பவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் கரண்டியைக் கீழே வைத்தவர்களாக இருப்பார்கள்.

4. கொதிநிலை வரை

கடைசி ஐஸ் துண்டு மறைந்த நேரத்தைத் தனியாக வட்டமிட்டுக் குறியுங்கள். அதற்கு அடுத்த அரை நிமிடத்திலேயே எண் ஏறத் தொடங்கும். தீயைத் தொடாமல், கலக்கிக்கொண்டே 98-99 வரை கொண்டு போங்கள்.

60 டிகிரி வாக்கில் பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி ஒட்டும். அதைக் கொதி என்று எழுதாதீர்கள். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது. அடியிலிருந்து எழுந்த குமிழி உடையாமல் மேல்பரப்புக்கு வந்து வெடித்தால்தான் கொதி. அந்தக் குமிழிக்குள் இருப்பது நீராவி.

கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் குறித்தால் போதும். எண் மறுபடி நிற்கும். இப்போது தீயைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். பருப்பு கொதித்த பிறகு தீயைக் குறைத்தாலும் அதே நேரத்தில்தான் வேகும், கேஸ்தான் மிச்சம். குக்கரில் சீக்கிரம் வேகக் காரணம், மூடி அழுத்தத்தைக் கூட்டி, தண்ணீரை 120 டிகிரி வாக்கில் கொதிக்கவைப்பது.

5. வரைபடமும் கணக்கும்

கிடையில் நேரம், நெட்டில் வெப்பநிலை. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு மேடை, ஒரு ஏற்றம், மறுபடி ஒரு மேடை. ஏற்றத்தில் நிலை மாறவில்லை. மேடையில் வெப்பநிலை மாறவில்லை. தாளில் இது ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

இனிக் கணக்கு. 300 கிராம் ஐஸ் உருக 300 × 334, அதாவது சுமார் 100 கிலோஜூல். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல்; ஆகவே 400 கிராம் தண்ணீரை 0-விலிருந்து 98.6-க்கு ஏற்ற 400 × 4.18 × 98.6, சுமார் 165 கிலோஜூல். ஆக, ஐஸ் உருக 6 நிமிடம் ஆனால் ஏற்றத்துக்குச் சுமார் 10 நிமிடம் ஆக வேண்டும். உங்கள் தாளில் ஏற்றம் இதைவிட நீளமாகவே வரும். சூடான போசி சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தை விடுகிறது. குளிர்ந்த போசியோ அறையிலிருந்தும் வெப்பம் வாங்கிக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை அழித்துத் திருத்தாமல் காரணத்தோடு எழுதுங்கள்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,257 ஜூல்; அந்த 400 கிராமும் முழுதாக ஆவியாக 400 × 2,257, சுமார் 903 கிலோஜூல். ஐஸ் உருகியதைப்போல ஒன்பது மடங்கு. நீராவி பட்ட புண் கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆழமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: ஆவி தோலில் தண்ணீராக மாறும்போது இத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது.

6. தேங்காய் எண்ணெய்: மேடை சாயும் இடம்

காங்கேயம் பக்கம் தேங்காய்க் களமும் எண்ணெயும் பழகியவர்களுக்கு மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைவது புதிதல்ல. அதையே அளந்து பார்ப்போம்.

சோதனைக்குழாயில் 20 மில்லி எண்ணெயை 40 டிகிரிக்குச் சூடாக்கி, 15 டிகிரித் தண்ணீர் இருக்கும் பெரிய பாத்திரத்தில் நிறுத்துங்கள். ஐஸ்தண்ணீரில் நிறுத்தாதீர்கள், குழாயின் ஓரம் உடனே கெட்டியாகி, நடு மட்டும் நீர்மமாக நிற்கும். எண்ணெய் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் மானி ஓரிடத்தின் கதையை மட்டும் சொல்லும். மெல்லிய கம்பியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே 30 நொடிக்கு ஒரு எண்.

இருபது சில்லறை டிகிரியில் வேகம் குறையும். ஆனால் தண்ணீரைப்போல ஒரே எண்ணில் நிற்காது, சாய்ந்துகொண்டே இறங்கும். சில சமயம் எண் கொஞ்சம் கீழே போய், வெண்மை படர ஆரம்பித்ததும் திரும்ப மேலே ஏறும். மானியைச் சந்தேகப்படாதீர்கள். உறைவதற்கு முதல் படிகம் பிறக்க வேண்டும். அது பிறக்கத் தாமதமானால் எண்ணெய் உறையாமலே குளிர்ந்துகொண்டு போகும், பிறந்ததும் உள்ளுறை வெப்பத்தை வெளியே விடும்.

மேடை சாய்வதற்குக் காரணம், எண்ணெய் ஒரே பொருள் அல்ல. பல கொழுப்புகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் தனி உருகுநிலை. ஒன்றன்பின் ஒன்றாக உறைகின்றன. உறைந்ததை வெளியே எடுத்து மெதுவாக உருக்கினால் 24 முதல் 26 டிகிரிக்குள் தெளியும். உறையும் எண் இதைவிடத் தாழ்ந்தே வரும். தட்டையான மேடை தூய பொருளுக்கு அடையாளம், சாய்ந்த மேடை கலவைக்கு.

"ஃப்ரிட்ஜில் உறைந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய்" என்று சொல்வதை நம்பி எண்ணெய் வாங்காதீர்கள். பாம் கெர்னல் (எண்ணெய்ப்பனைக் கொட்டை) எண்ணெயும் ஏறக்குறைய இதே வெப்பநிலையில் உறையும். உறையவில்லையென்றால் சந்தேகப்படலாம், உறைந்ததால் மட்டும் நம்பிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உறைந்த எண்ணெயின் நடுவில் குழி விழும், கெட்டித் துண்டு தன் நீர்மத்தில் மூழ்கும். பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான், உறைந்தால் சுருங்கும். தண்ணீர் இதற்கு விதிவிலக்காகச் சுமார் 9 விழுக்காடு பெருத்து மிதக்கிறது. திண்மம் எப்போதும் அடர்த்தி கூடியது என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

7. உப்பும் வெல்லப்பாகும்

நொறுக்கிய ஐஸ் 300 கிராமில் உப்பு 100 கிராம் போட்டுக் கிளறுங்கள். வெளியிலிருந்து குளிர் எதுவும் வராமலே எண் 0-வுக்குக் கீழே இறங்கும். −21 வரை போக முடியும்; வீட்டில் −15 வந்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள். உப்பு உருகுநிலையைத் தாழ்த்துகிறது, அதனால் ஐஸ் உருகியாக வேண்டும். அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்புப் போடுவது இதற்காகத்தான். ஈரக்கையால் பாத்திரத்தைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். கல் உப்பானால் இடித்துப் போடுங்கள். கல்லாகவே போட்டால் கரையத் தாமதமாகி −6, −7-லேயே நின்றுவிடும்.

பாகு இதற்கு நேர்மறு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். 100-ஐ ஒட்டி ஆரம்பித்து, தண்ணீர் போகப் போக 105, 110, 115 என்று எண் ஏறிக்கொண்டே இருக்கும். மேடையே கிடையாது, ஏனென்றால் கொதிக்கும் பொருளே நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக் கொட்டகையில் கொப்பரையைப் பார்த்துப் "பதம் வந்துவிட்டது" என்று இறக்குகிறார்களே, அப்போது மானி வைத்தால் 118 வாக்கில் காட்டும். பதம் என்பது எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதன் பெயர்; கொதிநிலை அதை எண்ணாகச் சொல்கிறது. பாகு தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளை மானி பிடிக்கவிடாதீர்கள்.

அதற்கும் மேலே விட்டால் கருகும். ஆறவைத்தாலும் வெல்லம் திரும்பாது. ஐஸ் திரும்பும், எண்ணெய் திரும்பும், கருகியது திரும்பாது. அது நிலைமாற்றம் அல்ல, வேதிமாற்றம்.

8. வாயுவும் பதங்கமாதலும்

சிரிஞ்சில் 20 மில்லி காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்குங்கள்; பாதியளவு வரை சுருங்கும். தண்ணீரை நிரப்பி அமுக்கினால் அசையாது. அசைந்தால் உள்ளே காற்றுக்குமிழி மாட்டியிருக்கிறது, தட்டி வெளியேற்றுங்கள். வாயுவில் மூலக்கூறுகளுக்கு நடுவே வெற்றிடம் அதிகம், நீர்மத்தில் இல்லை. இவ்வளவுதான்.

கற்பூரத்தைத் தூளாக்கி எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மேலே குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தை வைத்து, டம்ளரைச் சுடுதண்ணீரில் நிறுத்துங்கள். கிண்ணத்தின் அடியில் வெண்படிகம் படியும். கற்பூரம் உருகாமல் நேராக ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மறுபடி திண்மமாகிறது; இப்படித் திண்மம் நேராக ஆவியாவதற்குத்தான் பதங்கமாதல் என்று பெயர். நேராகத் தீயில் வைக்காதீர்கள். கற்பூர ஆவி பற்றிக்கொள்ளும். சன்னல் திறந்திருக்கட்டும், வில்லைகள் சின்னப் பிள்ளைகள் வாயில் போடாத உயரத்தில் இருக்கட்டும்.

9. தனிமங்களின் எண்களை வாசிப்பது

இனி அளக்க வேண்டாம். அட்டவணையை வாசித்தாலே போதும். அறையின் வெப்பநிலை உருகுநிலைக்குக் கீழே இருந்தால் திண்மம், உருகுநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவே இருந்தால் நீர்மம், கொதிநிலைக்கு மேலே இருந்தால் வாயு.

தவறு நேர்வது குறை எண்களில். −7.2-ஐவிட −38.8 பெரியது என்று எடுத்துக்கொள்வார்கள். தாளில் கிடைக்கோடு போடாமல் மானியைப்போல நெட்டுக்கோடு போட்டு, 0-வை நடுவில் வைத்து, எண்களை மேலும் கீழும் எழுதுங்கள். குழப்பம் போய்விடும்.

பாதரசம்: உருகுநிலை −38.8, கொதிநிலை 356.7
புரோமின்: −7.2, 58.8
சீசியம்: 28.5, 671
காலியம்: 29.8, 2,200-க்கு மேல்
ருபீடியம்: 39.3, 688

25 டிகிரியில் நீர்மமாக இருப்பவை பாதரசமும் புரோமினும் மட்டுமே. பாடநூல் விடை அது. சித்திரை மாதத்து மதியம், ஈரோட்டில் தகரக்கூரை போட்ட அறையில் 40 டிகிரி இருக்கிறது என்று வையுங்கள். இந்த ஐந்துமே அங்கே நீர்மம். ஆகவே "இது திண்மமா நீர்மமா" என்ற கேள்விக்கு "எந்த வெப்பநிலையில்?" என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்லக் கூடாது. (சீசியமும் ருபீடியமும் காற்றுப் பட்டாலே எரியக்கூடியவை; கண்ணாடிக் குப்பியில் அடைத்தே வைப்பார்கள்.)

தனிம வரிசை அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாகப் போகும்போது ஒரு ஒழுங்கு தெரியும். லித்தியம் 180.5, சோடியம் 97.8, பொட்டாசியம் 63.5, பிறகு ருபீடியம், சீசியம் என்று உருகுநிலை இறங்கிக்கொண்டே வருகிறது. அணு பெரிதாகப் பெரிதாக, உலோகத்தைப் பிணைக்கும் எலக்ட்ரான்களின் பிடி தளர்கிறது. ஹாலஜன்கள் என்ற நெடுவரிசையில் எதிர்த்திசை: ஃபுளோரின் −219.7, குளோரின் −101.5, புரோமின் −7.2, அயோடின் 113.7. அங்கே தனித்தனி மூலக்கூறுகள். எலக்ட்ரான் கூடக்கூட ஒன்றையொன்று இழுக்கும் மெல்லிய விசை கூடுகிறது. இரண்டு வரிசைக்கும் ஒரே விதியைச் சொல்ல முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். துகள்களைப் பிணைப்பது எது என்று முதலில் கேளுங்கள்.

"அயோடின் உருகாது, நேராக ஆவியாகும்" என்று பலர் எழுதுவதும் தவறு. 113.7-இல் உருகும், 184.3-இல் கொதிக்கும். மெதுவாகச் சூடாக்கினால் உருகுவதற்கு முன்பே ஊதா ஆவி நிறைய வந்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது.

கலவைக்கு ஏழாம் படியில் பார்த்தது இங்கேயும் பொருந்தும். தூய இரும்பு 1,538 டிகிரியில் உருகும். கோவை ஃபவுண்டரிகளில் மோட்டார் பம்பு உடலுக்கு ஊற்றும் வார்ப்பிரும்பு 1,150-ஐ ஒட்டியே உருகத் தொடங்கிவிடுகிறது, அதில் 2 முதல் 4 விழுக்காடு கார்பன் இருப்பதால். ஐஸுக்கு உப்பு செய்ததை இரும்புக்குக் கார்பன் செய்கிறது.

10. சேர்மத்துக்குள் போன தனிமம்

கடைசியாக ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் ஒன்பதாம் படியை நன்றாகப் படித்தவர்கள்தான் இதில் தவறுகிறார்கள். தனிமத்தின் எண்களைச் சேர்மத்துக்குப் பொருத்தக் கூடாது. சோடியம் 97.8-இல் உருகும், குளோரின் −34-லேயே வாயு. இரண்டும் சேர்ந்த சமையல் உப்பு 801 டிகிரியில்தான் உருகும்.

சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டும் மேக்னசைட்டைப் பாருங்கள். மக்னீசியம் உலோகம் 650-இல் உருகும். மேக்னசைட் மக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் உருகவே உருகாது. கார்பன் டைஆக்சைடை விட்டுவிட்டு மக்னீசியம் ஆக்சைடாக நிற்கும். அது 2,800 டிகிரி வரை தாங்கும், அதனால்தான் இரும்பு உருக்கும் உலைக்கு உட்சுவர்ச் செங்கலாகிறது. இது நிலைமாற்றம் இல்லை என்பதைத் தராசே சொல்லிவிடும்: தூய மேக்னசைட் ஒரு கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 478 கிராம். மூடிய டப்பாவில் 300 கிராம் ஐஸை உருக்கி, வெளிப்புறத்தில் கோக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டு நிறுத்தினால் 300 கிராமேதான் இருக்கும்.